அம்மாவின் பையில் ஒரு பேன்ட்

பத்து வயதில் நான் அம்மாவைச் சந்தேகப்பட்டேன். அதற்கு முன் என் பென்சிலை எடுத்த பெண்ணைத் தவிர வேறு யாரையும் சந்தேகப்பட்டுப் பழக்கமில்லை. ஆனாலும் அந்த வேலை எனக்கு நன்றாகவே வந்தது.

அப்போது மைசூரில் மண்டி மொஹல்லாவில் குடியிருந்தோம். அப்பா டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் போனார். அம்மா தேவராஜ மொஹல்லாவில் ஒரு ஜவுளிக்கடையில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். அங்கே பெண்களுக்கு மெரூன் சேலைதான் யூனிஃபார்ம். ஆண்கள் எந்த நிறத்திலும் பேன்ட் சட்டை போட்டு வரலாம்.

ஒரு சனிக்கிழமை, பன் இருக்குமென்று அம்மாவின் பையைத் துழாவினேன். கறுப்பு பேன்ட் ஒன்று கையில் வந்தது. ஆண்கள் போடுவது. அப்பாவுடையதல்ல, அவர் இடுப்பு அதில் நுழையவே நுழையாது. அம்மாவிடம் கேட்காமல் கண்காணித்தேன். பேன்ட் தினமும் பையில் போனது, பையிலேயே திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மா அதைத் துவைத்து, மாடிக் கொடியில் போடாமல், சமையலறையில் ஒரு துண்டுக்கு அடியில் காயவைத்தாள். ஒளித்துக் காயவைக்கிற துணி நல்ல துணியாக இருக்குமா?

பக்கத்து வீட்டு அத்தை அப்பாவின் தங்கை. அவளிடம் சொன்னேன். யாரிடமும் சொல்லாதே என்று சொல்லிவிட்டு, அவள் அப்பாவிடம் சொன்னாள். நான் சொன்னது வெறும் பேன்ட். அப்பா காதுக்குப் போனபோது அதற்குள் ஓர் ஆளும் இருந்தான்.

அப்பா அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. பள்ளி விடுமுறை நாளொன்றில், வேலையைப் பாதியில் விட்டு வந்து என்னை அழைத்தார். “வா கண்ணு, அம்மா கடை வரைக்கும் போயிட்டு வரலாம்.”

கடைக்கு எதிரே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தோம். அம்மா ஏணியின் மேல்படியில் நின்று துணிக்கட்டை இழுத்துக்கொண்டிருந்தாள். சேலைக்கு உள்ளே, கணுக்கால் வரை அந்தக் கறுப்பு பேன்ட். கீழே இரண்டு ஆண்கள் ஏணியைப் பிடித்தபடி அண்ணாந்திருந்தார்கள். அம்மா யாரிடம் இரவல் வாங்கியிருப்பாள் என்று இருவரின் இடுப்பையும் கண்ணால் அளந்தேன். அப்பாவும் அவர்களையே பார்த்தார். அவரும் அளக்கிறார் என்று நினைத்தேன்.

அப்பா விறுவிறுவென்று உள்ளே போய் மேனேஜரிடம் கன்னடத்தில் கேட்டார். மேலே ஏற ஆண்கள் இல்லையா, ஏறுகிற பெண்கள் சுடிதார் போட்டால் என்ன? சேலைதான் கடைக்கு மரியாதை, ரூல் அப்படி என்றார் மேனேஜர். அதன் பிறகுதான் மேனேஜர், இறங்கி வந்த அம்மாவின் காலைக் கவனித்தார். நாளையிலிருந்து சேலை மட்டும், முடியாதென்றால் வரவேண்டாம் என்றார்.

அம்மா பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வழியில் அப்பாவிடம், “ஏனுங்க, என்னைய வேவு பாக்கவா வந்தீங்க?” என்றாள்.

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுல்ல.”

“சொன்னா வேலைய உடச் சொல்லுவீங்க. இப்ப மட்டும் என்ன ஆச்சு?”

பேன்ட்டைப் பற்றி யார் சொன்னது என்று அம்மா கடைசிவரை கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு அவள் குறைந்த சம்பளத்துக்கு ஊதுபத்தி பேக்கிங் வேலைக்குப் போனாள்.

தசராவுக்குத் துணி எடுக்க அத்தை என்னை அதே கடைக்கு அழைத்துப்போனாள். மெரூன் சேலையில் ஒரு புது அக்கா ஏணியில் ஏறினாள். அதே இருவரும் கீழே பிடித்துக்கொண்டார்கள். “எவ்வளவு ஒத்தாசையா இருக்காங்க பாரு” என்றாள் அத்தை. அந்த அக்கா ஒரு கையால் துணியை எடுத்தாள், மறு கையால் சேலையைக் கால்களோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பாவம், உயரமென்றால் பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.