ஒரு டேபிளுக்கு ஒரு ஓட்டு

தேர்தல் வேலைக்குப் போகிற டீச்சருக்கு ஓட்டு என்பது கல்யாண வீட்டில் பரிமாறுகிறவருக்குச் சாப்பாடு மாதிரி; ஊருக்கெல்லாம் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கடைசிப் பந்தியும் முடிந்து இலை எடுத்திருப்பார்கள். என்னோடு சேர்ந்து அவதிப்படுகிற சக ஆசிரியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். இந்த இருபத்திரண்டு வருஷத்தில் வந்த எந்தத் தேர்தலும் என்னை விட்டுவைத்ததில்லை. வீடு மந்தைவெளியில், ஓட்டும் மந்தைவெளியில். வேலை மட்டும் பெருங்குடி, ஈக்காட்டுத்தாங்கல் என்று ஏதாவது வேறு தொகுதியில் விழும். மை வைக்கிற அலுவலராக ஆரம்பித்து இப்போது சாவடிக்கே தலைமை அலுவலராகிவிட்டேன். ஆயிரக்கணக்கான விரல்களுக்கு மை வைத்திருக்கிறேன். என் விரலில் ஒரு தடவைகூட மை ஏறியதில்லை. தேர்தலுக்கு மறுநாள் பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கிற விரல்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலைப் போன மாதம் மறுபடி கிளறிவிட்டது ஒரு பீட்சா கடை.

சோபாவில் ஜனநாயகம்

என் நாத்தனார் சுமதி பதினெட்டு வருஷமாக அமெரிக்காவில் இருக்கிறாள். லீவுக்கு வந்தவள், ஆழ்வார்பேட்டையில் புதிதாகத் திறந்திருந்த பீட்சா கடைக்கு என்னை மட்டும் அழைத்துப் போனாள். அங்கே எல்லாவற்றையும் நாமே தேர்ந்தெடுக்க வேண்டுமாம். மாவு நாலு வகை, சாஸ் ஆறு வகை, சீஸ் ஐந்து, மேலே தூவுவதற்கு ஒரு பக்கம் நிறையப் பட்டியல். எனக்கு எந்த வகுப்பு, எந்த பீரியட் என்பதைக்கூட நான் தேர்ந்தெடுத்ததில்லை. வீட்டில் டிவி ரிமோட்டும் என் கையில் இல்லை. "உனக்கு என்னவோ அதையே எனக்கும் சொல்லிடு" என்றேன். சுமதி விடவில்லை. "சாய்ஸ் குடுத்தா விட்டுக்குடுக்கக் கூடாது அண்ணி" என்று மெனு கார்டை என் பக்கம் தள்ளினாள். ரொம்ப யோசித்து வெங்காயம், குடைமிளகாய் என்று சொன்னேன். சுதந்திரம் கைக்கு வந்தபோது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவளுடைய போன் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகில் 'நான் ஓட்டுப் போட்டேன்' என்று ஆங்கிலத்தில் எழுதிய வட்டமான ஸ்டிக்கர். எனக்குச் சுருக்கென்றது. கேட்காமல் இருந்திருக்கலாம், கேட்டேன். அவர்கள் ஊரில் ஓட்டுச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்துவிடுமாம். கூடவே யார் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு புத்தகமும் வருமாம். ஸ்கூல் கமிட்டிக்கு ஓட்டு, ஜட்ஜுக்கு ஓட்டு, பூங்காவுக்குப் பணம் ஒதுக்கலாமா வேண்டாமா என்பதற்கும் ஓட்டு. புருஷன் ஒரு பக்கம், பிள்ளை இன்னொரு பக்கம். வீட்டுக்குள்ளேயே விவாதம், யாரும் யாரையும் முறைப்பதில்லையாம். வரிசை கிடையாது, வெயில் கிடையாது, யாரும் யாருக்கும் மை வைக்க வேண்டியதும் கிடையாது. "ஓட்டுச்சீட்டு வந்த அன்னிக்கு எங்க வீட்ல சமையலே இல்ல. சோபால உக்காந்து ஒரு கையில பீட்சா, ஒரு கையில ஓட்டு, அவ்ளோதான் அண்ணி."

சும்மா இருக்கிற விரல்

அவள் சொல்லச் சொல்ல எனக்குப் பெருங்குடி ஞாபகம் வந்தது. நான் மை வைக்கிற வேலையில் இருந்த காலம். மை வைப்பதிலும் ஒரு முறை உண்டு. இடது கை ஆள்காட்டி விரலில், நகத்தின் மேலிருந்து சதை வரைக்கும் கோடு இறங்க வேண்டும். நகத்தில் மட்டும் வைத்தால் நகம் வளர்ந்ததும் போய்விடும், சதையில் மட்டும் வைத்தால் தேய்த்துக் கழுவிவிடுவார்கள். ஒரு ஆட்டோக்காரர் வந்தார். மூன்று மணி நேரம் வரிசையில் நின்றவர் மாதிரியே இல்லை, பெண் பார்க்க வந்தவர் மாதிரி சலவைச் சட்டை. விரலை நீட்டிவிட்டு, "கொஞ்சம் பெருசா வைம்மா, ஸ்டாண்டுல காட்டணும்" என்றார். வைத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஊதிக் காயவைத்தார்.

அவ்வளவோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேன். அவர் பார்வை என் கைக்கு வந்தது. ரெஜிஸ்டரைப் பிடித்திருந்த என் இடது கையில் எல்லா விரல்களும் வெள்ளையாக இருந்தன. கட்டைவிரலில் மட்டும் பாட்டில் வழிந்த கறை. அவர் குரலில் கேலி இல்லை, உண்மையான அக்கறை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "இன்னா டீச்சர், அல்லாருக்கும் மை வெச்சிக்கினு கீற, உன் வெரலு மட்டும் சும்மா கீதே."

கவருக்குள் கவர்

எங்களுக்கும் தபால் ஓட்டு உண்டு என்று சொல்வீர்கள். உண்டு. ஆனால் அது சோபாவில் உட்கார்ந்து போடுகிற ஓட்டு இல்லை. படிவம் வாங்கிக் கொடுத்தால் ஒரு தடவை சீட்டு வராது. வந்த தடவை வேலையாக வெளியே போயிருப்பேன், வீட்டில் வாங்க ஆள் இருக்காது. ஒருவழியாக ஒரு தேர்தலுக்கு, தி.நகரில் நடந்த பயிற்சி வகுப்பிலேயே சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஓட்டுப் போட்ட சீட்டைச் சின்னக் கவரில் வைத்து ஒட்ட வேண்டும். கையெழுத்துப் போட்ட உறுதிமொழித் தாள் அதற்குள் போகக்கூடாது. சின்னக் கவரையும் உறுதிமொழித் தாளையும் சேர்த்துப் பெரிய கவரில் வைத்து ஒட்ட வேண்டும். தாள் இல்லையென்றால் சின்னக் கவரைப் பிரிக்கவே மாட்டார்கள், ஓட்டுச் செல்லாது. கணக்கு டீச்சர் என்பதால், கூட்டத்துக்கு இதை விளக்குகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். கரும்பலகையில் படம் போட்டு, இரண்டு தடவை, தாளைத் தூக்கிக் காட்டிக் காட்டி விளக்கினேன். நூறு பேர் தலையாட்டினார்கள்.

பிறகு நானும் ஓட்டுப் போட்டேன், ஒட்டினேன், பெட்டியில் போட்டேன். வாழ்க்கையில் முதல் ஓட்டு. பனகல் பார்க் வரைக்கும் நடந்தே போனேன், அவ்வளவு சந்தோஷம். பஸ்ஸில் பாஸ் எடுக்கக் கைப்பையைத் திறந்தால் உறுதிமொழித் தாள் உள்ளே சிரிக்கிறது. தூக்கிக் காட்டிய கையோடு பழக்கதோஷத்தில் பைக்குள் வைத்திருக்கிறேன். பக்கத்து சீட்டில், அதே பயிற்சிக்கு வந்திருந்த பல்கீஸ் டீச்சர். ராயப்பேட்டைக்காரர், கவரைக் கண்டாலே பயப்படுகிற மனுஷி. நான் தாளைக் கசக்கி மறைத்துக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான் என் ஓட்டு செல்லுபடியாச்சுன்னு நிம்மதியா இருக்கு, எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததாலதான் டீச்சர்."

மாதிரி ஓட்டு

பட்டனை அழுத்தியதே இல்லை என்றும் சொல்ல முடியாது. காலையில் வாக்குப்பதிவு தொடங்கும் முன்னால், கட்சி ஏஜெண்டுகள் எதிரில் மாதிரி ஓட்டு நடத்தி இயந்திரம் சரியாக இருக்கிறதா என்று காட்டுவோம். எல்லாச் சின்னத்திலும் ஓட்டு விழ வேண்டும். ஏஜெண்ட் வராத வேட்பாளருக்கு நாமே அழுத்துவோம். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சுயேச்சைக்கு ஆளே வரவில்லை. அட்டை மறைப்புக்குள் போய் நான் அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது, நீளமாகச் சத்தம் வந்தது. அந்த மனிதர் யாரென்றே தெரியாது, ஆனாலும் அவர் ஜெயித்துவிட வேண்டும் என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன். அதன்பின் விதிப்படி எல்லா ஓட்டையும் நானே அழித்தேன். பூஜ்யம் வருகிறதா என்று எட்டிப் பார்த்த ஏஜெண்ட் ஒருவர் கேட்டார்: "நீங்க போட்டதும் சேர்ந்துதானே போச்சு, ஒண்ணும் மிச்சம் வெக்கலையே மேடம்?"

சொந்த வீட்டுக் கதவு

இதைச் சொல்லத்தான் தயக்கம். மூன்று வருஷத்துக்கு முன்னால் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. அதிசயமாக எங்கள் தெருவே கிடைத்தது. வீடு வீடாகப் போய், இருக்கிறவர், இறந்தவர், போய்விட்டவர் என்று குறிக்க வேண்டும். கடைசியில் என் வீட்டுக்கே நான் போய் நின்றேன். எங்கள் கதவு எண்ணுக்குக் கீழே மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர், நான், அதற்கும் கீழே சுமதி. கல்யாணத்துக்கு முன்னால் சேர்த்த பெயர், புகைப்படத்தில் இரட்டைச் சடையோடு இருந்தாள்.

அந்த வாரம்தான் குடும்ப வாட்ஸப்பில் அவள் வீட்டு ஓட்டுச்சீட்டுப் படம் வந்திருந்தது, பக்கத்தில் பீட்சாவோடு. அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று இரண்டு இடத்தில் பெயர் வைத்திருக்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 'நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர்' என்ற கட்டத்தில் அழுத்தி டிக் அடித்தேன். நீட்டிய காகிதத்தில் என் வீட்டுக்காரர் பேப்பர் படித்தபடியே கையெழுத்துப் போட்டார். விதிப்படி தப்பில்லை. ஆனால் விதியை மதித்துத்தான் செய்தேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். பட்டியலை வாங்கிய மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "சொந்த வீட்டுப் பேரையே எடுத்திருக்கீங்க, உங்கள மாதிரி நேர்மையான டீச்சர நான் பார்த்ததில்லம்மா."

நிரந்தரமாகவா

பீட்சா வந்தது. நன்றாகத்தான் இருந்தது, அதுவும் எனக்கு எரிச்சல். சுமதி ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொண்டு, போனிலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினாள். "இது என்னோடது இல்ல அண்ணி. பையன் ஒட்டினது. அவரும் அவனும் சிட்டிசன் ஆயிட்டாங்க. எனக்குத்தான் அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட மனசே வரல. அவங்க ரெண்டு பேரும் சோபால உக்காந்து சண்டை போட்டுக்கிட்டே ஓட்டுப் போடுவாங்க. நான் பீட்சாவ வெட்டித் தட்டுல வெப்பேன்." பர்ஸிலிருந்து ஒரு பழைய அட்டையை எடுத்தாள். இரட்டைச் சடை வாக்காளர் அட்டை, ஓரமெல்லாம் பிரிந்திருந்தது. "கோவம் வர்றப்ப எடுத்துப் பாத்துக்குவேன். மந்தைவெளியில என் பேரு இருக்கே, ஒரு தேர்தலுக்காவது லீவு போட்டு வந்து வரிசையில நின்னுடணும்."

கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்தேன். நான் செய்ததை விழுங்கிவிட்டு வேறு பேச்சுக்குப் போயிருக்கலாம். அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகிறவளுக்கு எப்படித் தெரியப்போகிறது? ஆனால் அவள் அட்டையைத் துடைத்துப் பர்ஸுக்குள் வைத்த விதம் என்னை விடவில்லை. சொல்லிவிட்டேன். பட்டியலை, டிக்கை, வாட்ஸப் படத்தை, என் பொறாமையை, எல்லாவற்றையும். அவள் என்னைப் பார்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பேரே இல்லையா இப்ப?" என்றாள். இல்லை என்றேன். எந்தக் கட்டத்தில் டிக் அடித்தேன் என்று கேட்டாள். அந்த வார்த்தையைச் சொன்னேன். அவள் கண் நிறைந்துவிட்டது. "நிரந்தரமாவா போட்டீங்க அண்ணி?"

ஒரே ஒரு சீட்டு

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கென்று தனிப் படிவம் இருக்கிறது, பாஸ்போர்ட் இருந்தால் போதும், நானே பூர்த்தி செய்து கொடுக்கிறேன், நீ வந்து நின்றால் போடலாம் என்று மடமடவென்று சொன்னேன். சுமதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எனக்கு ஓட்டு வந்தா உங்களுக்குப் பொறாமையா இருக்காதா?" என்று கேட்டாள். இருக்கும் என்றேன். அதற்கு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பரிமாறுகிற பெண் ஒரு சீட்டைக் கொண்டு வந்து வைத்தாள். கடையின் அடுத்த பீட்சா பனீர் சுக்காவா, பூண்டுத் தொக்கா என்று வாடிக்கையாளர்களே தேர்ந்தெடுக்க வேண்டுமாம். கல்லாப் பக்கத்தில் பூட்டுப் போட்ட பெட்டிகூட இருந்தது. படிவம் இல்லை, கவர் இல்லை, பட்டியல் இல்லை. நான் பேனாவை எடுத்துவிட்டேன். சுமதி இன்னொரு சீட்டுக்குக் கை நீட்டினாள். அந்தப் பெண் பணிவாகச் சொன்னாள்: "சாரி மேடம், ஒரு டேபிளுக்கு ஒரு ஓட்டுதான்."

சீட்டைப் பார்த்தேன். பூண்டுத் தொக்குக்கு என் மனசில் எப்போதோ ஓட்டு விழுந்திருந்தது. ஆனாலும் சீட்டை அவள் பக்கம் தள்ளினேன். தள்ளும்போது விரல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் எனக்குத் தெரியாமல் கையால் மறைத்து டிக் அடித்து, நாலாக மடித்து, எழுந்து போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். உட்காரவில்லை. விடைத்தாள் திருத்துகிற என் சிவப்புப் பேனாவைக் காட்டி, இடது கை ஆள்காட்டி விரலை என் முன்னால் நீட்டினாள். "நகத்துலேர்ந்து சதை வரைக்கும் இழுங்க அண்ணி, ஊருக்குப் போறவரைக்கும் போகக் கூடாது."

ஆக, இந்த இருபத்திரண்டு வருஷத்தில் பட்டியலே இல்லாமல் நடந்த ஒரே தேர்தலிலும் மை வைத்தது நான், ஓட்டுப் போட்டது வேறு ஆள்.