அம்மாவிடம் சொன்னது

சேலத்தில் அந்த விடுதியில் என்னைச் சேர்த்தபோது எனக்கு ஒன்பது வயது. பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களில் பெற்றவர்களைப் பிரிந்த பெண்பிள்ளைகளை ஓர் அம்மாள் தன் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்தார். அவரைப் பெரியம்மா என்று கூப்பிடுவோம். மதராஸ் முகாமில் என் பேச்சைக் கேட்டவர்கள், இது சேலத்துப் பக்கத்துப் பிள்ளை என்று சொல்லி அவரிடம் அனுப்பியிருந்தார்கள்.

“உன் ஊர் எது கண்ணு?” என்று வாரம் ஒரு தடவையாவது பெரியம்மா கேட்பார்.

“தெரியாதுங்க.”

தெரியும். குமாரபாளையம். என் தாய்மாமன் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுகூடத் தெரியும். சொன்னால் அங்கே கொண்டுபோய் விடுவார்கள். அங்கே அம்மா இருந்தாள். அப்பா எங்கே என்று கேட்பாள்.

அப்பாவுக்கு ரங்கூனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. அம்மா பிரசவத்துக்காகத் தன் அண்ணன் வீட்டுக்குக் கப்பலேறியபோது, பள்ளிக்கூடம் கெட வேண்டாம் என்று என்னை அப்பாவிடம் விட்டுப் போனாள். அதற்குப் பிறகு யுத்தம் வந்துவிட்டது. ரங்கூனில் குண்டு விழுந்தது. கப்பலில் இடம் கிடைக்காத ஆயிரக்கணக்கானவர்களோடு நாங்களும் நடந்தோம்.

மலைப்பாதையில் அப்பாவுக்குப் பேதி கண்டது. இரண்டாம் நாள் ஒரு மூங்கில் புதரடியில் படுத்தவரால் எழ முடியவில்லை. கூட வந்தவர்கள் பொழுது சாய்வதற்குள் அடுத்த முகாமுக்குப் போயாக வேண்டும் என்றார்கள்.

“நீ இவிங்க கூட முன்னால போ சாமி. நான் பின்னாலயே வாரேன்” என்றார் அப்பா.

அவர் கையைத் தொட்டேன். சில்லிட்டிருந்தது. வழியெல்லாம் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருந்ததால், இனி அவர் எழ மாட்டார் என்று எனக்குப் புரிந்தது. போக மாட்டேன் என்று அழுதிருக்கலாம். அழவில்லை. அந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்றுதான் இருந்தது. கூட வந்த ஒரு அக்காள் என் கையைப் பிடித்தாள். நடந்தேன். இதை நான் விடுதியில் யாரிடமும் சொல்லவில்லை.

விடுதி கெட்ட இடமல்ல. காலையில் கம்பங்கூழ், பிறகு படிப்பு, சாயந்திரம் தையல். ஆகாய விமானச் சத்தம் கேட்டால் நாங்கள் எல்லோரும் படிக்கிற பெஞ்சுகளுக்கு அடியில் நுழைந்துகொள்வோம். பெரியம்மாவும் குனிந்து எங்களோடு வந்து உட்கார்ந்துகொள்வார். நான் நன்றாகப் படித்தேன். அதுவே என்னைக் காட்டிக்கொடுத்தது. ஒருநாள் “எங்கள் ஊர்” என்று கட்டுரை எழுதச் சொன்னார். நன்றாக எழுத வேண்டும் என்ற ஆசையில் மறந்துபோய், தெருவில் நெசவுக்குப் பாவு நூலை நீட்டுவதையும், ஆற்றங்கரையில் சாயநூல் காய்வதையும், அக்கரையில் இன்னோர் ஆறு வந்து கலப்பதையும் எழுதிவிட்டேன்.

பெரியம்மா படித்துவிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். “குமாரபாளையமா?” என்று மட்டும் கேட்டார். நான் அழுத அழுகையிலேயே அவருக்குப் பதில் கிடைத்தது. மாமாவின் பெயரையும் தெருவையும் பிறகு நானே சொன்னேன்.

மாமாவுக்குக் கார்டு போட்டு, பத்து நாள் கழித்துக் பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடிய பஸ்ஸில் என்னை அழைத்துப் போனார். சங்ககிரி மேட்டில் பஸ் நின்றுவிட, எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். அது அங்கேயே கிடக்கக்கூடாதா என்று நினைத்தேன்.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். கழுத்தில் தாலி, நெற்றியில் அகலமாகக் குங்குமம், இடுப்பில் நான் அதுவரை பார்த்திராத தம்பி. என்னைத் தொடுவதற்கு முன்னால் எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

“உங்கப்பா எங்க சாமி?”

“பின்னால வாராரு.”

பெரியம்மா சட்டென்று என்னைப் பார்த்தார். அப்பா பேச்சை எடுத்தாலே வாயை மூடிக்கொள்கிற பிள்ளை அல்லவா நான்.

அதன்பிறகு மூன்று வருஷம் அம்மா என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். எந்த இடத்தில் சொன்னார், எப்படிச் சொன்னார், முகம் எப்படி இருந்தது. கேட்கக் கேட்க நான் சேர்த்துச் சொன்னேன். சோறு சாப்பிட்டார் என்றேன். சிரித்தார் என்றேன். மாமா ஒரு தடவை, “ஏம்மிணி, உசுரோட இருந்தா இத்தன நாளைக்கு வந்திருக்க மாட்டாரா?” என்றதற்கு, “புள்ள பொய் சொல்லுமா?” என்று சண்டைக்குப் போனாள்.

யுத்தம் முடிந்தது. கப்பல்கள் வருகின்றன என்று யாரோ சொல்ல, அம்மா மதராசுக்குப் புறப்பட்டாள். அப்பாவுக்கென்று ஒரு வேட்டியைத் துவைத்து மடித்து மூட்டையில் வைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபோது என்னால் தாங்க முடியவில்லை.

“போவாதம்மா. அப்பா எந்திரிக்கவே இல்ல. நான் வரயிலயே கையெல்லாம் சில்லுனு இருந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உட்டுட்டு வந்தேன்.”

அம்மா வேட்டியை மூட்டையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

“பக்கத்துல தண்ணியாச்சும் வெச்சுட்டு வந்தியா?”

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சொம்பு. நடந்தபோது அது என் கையில் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் ஆற்றங்கரையில் காரியம் நடந்தது. தாலி இறங்கியது. அம்மா என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் கையால் எதையும் வாங்கிச் சாப்பிடவில்லை. நான் உலை வைத்தால் அவளுக்குப் பசிக்காது. நான் உள்ளே வந்தால் தம்பியைக் கூட்டிக்கொண்டு வெளியே போவாள். ஆறு மாதம் பார்த்துவிட்டு மாமா என்னிடம், “கொஞ்ச நாளைக்கு சேலத்துல இரு கண்ணு. அவ மனசு ஆறட்டும்” என்றார். பெரியம்மா காரணம் கேட்கவில்லை. என் பழைய பாயை எடுத்துக் கொடுத்தார்.

அங்கேயே படித்து, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். மலாய் நாட்டிலிருந்து திரும்பிய பிள்ளைகள் அப்போது வந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு தடவை கண் வைத்தியத்துக்காக அம்மாவை மாமா சேலத்துக்கு அழைத்து வந்தார். இரண்டு நாள் விடுதியில் தங்கினாள். சமையற்காரம்மாவோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினாள். நான் பாடம் நடத்துவதைத் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இத்தன புள்ளைங்களுக்கும் ஆருமில்லையா?” என்று கேட்டாள்.

“சில பேருக்கு இருக்காங்கம்மா.”

அவள் மறுபடி அரிசியில் கல் பொறுக்கப் போனாள். மறுநாள் பஸ் ஏறும்போது, “உடம்பப் பாத்துக்க” என்றாள். அடுத்த ஆடியில் காய்ச்சலில் போய்விட்டாள். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாமா சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து, ஈரவேட்டியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்.