வாப்பாவின் அறையில் ஹீப்ரு

கண்டியில் ஹீப்ரு படிக்க எனக்குக் கிடைத்தது ஒரே வகுப்புதான், இஸ்ரேலுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கான வகுப்பு. நான் பலஸ்தீன வரலாற்றில் ஆய்வுக்குப் பதிந்திருந்தேன். இரண்டு தரப்பு எழுத்தையும் மூலமொழியில் படிக்காமல் ஒரு வரிகூட எழுத வேண்டாம் என்று என் மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அரபு ஓரளவு கைவசம் இருந்தது. மற்றதற்காகக் கலகெதரையிலிருந்து பஸ் ஏறி, டவுனில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடிக்குப் போய்வந்தேன்.

ஆசிரியை அந்த நாட்டில் வயோதிபர்களைப் பராமரித்துவிட்டுத் திரும்பிய சிங்களப் பெண். வலமிருந்து இடமாக எழுத மற்றவர்கள் தடுமாற, நான் மளமளவென்று எழுதினேன். மூளைசாலி என்றார்கள். எல்லாம் குர்ஆன் ஓதப்பள்ளியில் வாங்கிய அடியின் பலன் என்று நான் சொல்லவில்லை. பாடம் முழுக்க நோயாளியைத் தூக்குவதும் குளிப்பாட்டுவதும்தான். ஒருவர் கிழவராகக் கதிரையில் உட்கார, மற்றவர் அவரைத் தூக்கிக்கொண்டே பேச வேண்டும். ஹந்தானைத் தோட்டத்து அக்கா ஒருவர் என்னைத் தூக்கிவிட்டு, இப்படிக் கனத்தால் அங்கே ஒருவரும் பக்கத்தில் வரமாட்டார்கள் என்று சிரிப்பார்.

வீட்டில் உண்மையாகவே தூக்க ஒருவர் இருந்தார். வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோயிருந்தது. உம்மா மௌத்தான பிறகு அவரைக் கவனிப்பது நான்தான். நாள் முழுக்க காஸாச் செய்தி பார்ப்பார். எதற்காக இதைப் படிக்கிறேன் என்று எவ்வளவு விளக்கியும் அவர் மனம் ஆறவில்லை. உலகத்தில் வேறு பாஷை இல்லையா என்பார்.

ஒருநாள் அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூச் செய்ய அவரைத் தூக்கியபோது, வகுப்புப் பழக்கத்தில் என் வாய் தானாக "லெஅத், லெஅத்" என்றது. மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். வாப்பாவுக்கு அர்த்தம் தெரியாது, ஓசை தெரியும். டீவியில் சிப்பாய்கள் கத்துவதைத் தினமும் கேட்கிறவர். என் கையில் அவர் உடம்பு விறைத்தது. நல்ல கையால் என்னைத் தள்ளிவிட்டார்.

அதன்பிறகு என்னைத் தொடவிடவில்லை, பேசவுமில்லை. பக்கத்து வீட்டு மச்சான் வந்து தூக்குவார். நான் வாளியோடு கதவடியில் நிற்பேன். பெற்ற தகப்பனுக்கு அந்நியனாகிப்போனதை என்னால் தாங்க முடியவில்லை.

அந்த நாட்களில் ஒரு யூதப் பெண்ணின் ஹீப்ரு நினைவுக்குறிப்பை எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தேன். ஐரோப்பாவில் குடும்பத்தையே பறிகொடுத்து அகதியாக இஸ்ரேலுக்கு வந்தவர். போரில் ஓர் அரபுக் குடும்பம் விட்டுப்போன வீட்டை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் ஊறப்போட்டிருந்த ஒலிவ் காயை, யாருடையது என்று தெரிந்தே தின்றதாக எழுதியிருந்தார். பசியாம். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

ஒருநாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு வாப்பா ஒற்றைக் கையை ஏந்தித் துஆக் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் நிறுத்தி, அந்தப் பாஷையில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று கேட்டார். அந்தப் பெண்ணின் கதையைச் சொன்னேன்.

"அப்ப அது யார்ட ஊடு என்டு அவங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியுமோ என்னவோ. இந்த மனிசிக்குத் தெரியும் வாப்பா."

வாப்பா தன் ஏந்திய கையைப் பார்த்தார்.

"தெரியாமச் செய்றாங்க என்டு நெனச்சித்தான் அவங்களுக்கும் நேர்வழி காட்டச் சொல்லி இவ்வளவு நாளும் துஆக் கேட்டேன்."

ஏந்திய கையை, துஆ முடிக்கிற வழக்கப்படி முகத்தில் தடவாமலே, கீழே போட்டார். பிறகு தன்னைப் படுக்கவைக்கச் சொல்லி அதே கையை என் கழுத்தில் போட்டார். இத்தனை நாளும் நான் ஏங்கியது அதற்குத்தான். ஆனால் அவருடைய துஆவை நான் பிடுங்கிவிட்டேன் என்றே எனக்குப் பட்டது.