ஃப்ரீ என்று போட்டால் போதும்

எங்கள் வீட்டில் ‘ஃப்ரீ’ என்ற சொல்லுக்கு இரண்டே வேலைதான். அரசாங்கம் கொடுத்த மிக்ஸி ஃப்ரீ. வேலை முடிந்து காலை நீட்டி உட்கார்ந்தால் நாமும் ஃப்ரீ. மூன்றாவது வேலை ஒன்றை அதன் தலையில் கட்டியவர் அப்பா.

அப்பா கம்பத்தில் ஏலக்காய் வியாபாரி. வெளியூர் ஆட்களுக்கு ஆங்கிலத்தில் எழுதிப் பழகியவர். அவருடைய தங்கை, என் அத்தை, உத்தமபாளையத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தார். அந்த வேலைமேல் அவருக்கு உயிர். பம்பாயில் வளர்ந்த மாப்பிள்ளை ஒருவரைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நிச்சயத்துக்கு முன்னால் பெண் போனில் பேசக் கூடாது, மெசேஜ் அனுப்பலாம் என்று பெரியவர்கள் பெரிய மனது பண்ணியிருந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தமிழ் படிக்க வராது. அதனால் ஆங்கிலம்.

“அண்ணே, அங்கனயும் நான் லேப் வேலைக்குப் போகணும், எனக்குன்னு சுதந்திரம் வேணும். இதை இங்கிலீஷ்ல எப்படி எழுதுறது?” என்று அத்தை கேட்டார்.

“ஃப்ரீடம்னு எழுதுனா கொடி பிடிக்கிற மாதிரி இருக்கும்த்தா. ஃப்ரீன்னு போடு, எல்லாம் அதுக்குள்ள வந்துரும்.”

கல்யாணத்துக்குப் பிறகு ஃப்ரீயாக இருக்க விரும்புகிறேன் என்று ஒரே வரி போனது. சாயங்காலமே பதில் வந்தது. ஆங்கில மீடியத்தில் நாலாவது படித்த நான்தான் அதைச் சத்தமாக வாசித்தேன். தாராளமாக ஃப்ரீயாக இருக்கலாம், வேலைக்கே போக வேண்டாம் என்றிருந்தார் மாப்பிள்ளை. நான் கைதட்டினேன். அத்தையின் கண் நிறைந்ததைச் சந்தோஷம் என்றே எடுத்துக்கொண்டேன்.

நான் கேட்டது இது இல்லை, வேறு மாதிரி எழுதித் தா என்று அத்தை கெஞ்சினார். “மாப்பிள்ளை சரின்னுட்டாக. மறுபடி எழுதுனா பேச்சு மாறுன மாதிரி ஆயிரும்” என்று அப்பா எழுந்து போய்விட்டார். அத்தை வேலையை விட்டார், பம்பாய் போனார். இன்றுவரை எந்த லேப்புக்கும் போகவில்லை. நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில், கொச்சிக்காரர் ஒருவர் சரக்கைத் தனக்கே தர வேண்டும் என்று அடம்பிடித்தார். அப்பா என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனில் பதில் எழுதினார். யாருக்கு விற்பது என்பது எங்கள் சுதந்திரம், அதில் யாரும் தலையிட முடியாது என்று, கொஞ்சமும் தடுமாறாத நல்ல ஆங்கிலத்தில். அப்பாவுக்கு எவ்வளவு இங்கிலீஷ் தெரிகிறது என்று பெருமைப்பட்டேன். அதைத் தாண்டி யோசிக்க அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.