பின்சுவரில் ஒரு ஜன்னல்

ஹப்புத்தளையில் ரயில் நகர்ந்ததும் ஜீவராணி ஜன்னல்களை எண்ணத் தொடங்குகிறார். பாதையோர வீடு, பள்ளிக்கூடம், புத்தர் கோயிலான பன்சலை, எதையும் விடுவதில்லை. வெள்ளைக்காரப் பயணிகள் எதிர்ப்பக்கம் சாய்ந்து மலையைப் படம் பிடிக்கிறார்கள். மலைக்கு இவர் முதுகைத்தான் காட்டுவார். "அதத்தான் தெனம் ஏறி எறங்குறேனே டீச்சர். லீவு நாள்லயும் பாக்கணுமா?"

வயது நாற்பத்தேழு. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போய், விசித்திரமான கட்டடங்களைப் பார்த்துவிட்டு வருவார். நேர்ந்துகொண்டவர் போலத் தவறவே மாட்டார். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவருக்குக் கட்டடப் பைத்தியம் என்று பெயர். தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் நான் ஒருமுறை கூடவே போனேன். அது பைத்தியமில்லை, கோபம்.

கோபத்துக்குக் காரணம் ஒரு சுவர். லயத்து அறையான அவருடைய காம்பராவுக்கு முன்னால் ஒரு கதவு, பக்கத்தில் கையகல ஜன்னல். பின்சுவர் முழுக்க அடைத்த கல். அடுப்பு மூட்டினால் புகை போக வழியில்லை. கணவர் இராசையாவுக்கு மூச்சிழுப்பு. மழைக்காலத்தில் உள்ளே படுக்க முடியாமல் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். பின்பக்கம் ஒரு ஜன்னல் வைக்க அனுமதி கேட்டு நானே மூன்று கடிதம் எழுதிக் கொடுத்தேன். லயத்துச் சுவர் தோட்டத்துக்குச் சொந்தம், ஒரு கல்லையும் அசைக்கக் கூடாது என்று பதில் வந்தது. நாலு தலைமுறை அதற்குள் பிறந்து செத்திருக்கிறது. அவர்களுக்கு அதில் ஒரு கல்கூடச் சொந்தமில்லையாம்.

தெமோதரையில் ரயில் நிலையத்தை விட்டு, மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழையும். பெட்டியில் எல்லோரும் கைதட்டினார்கள். ஜீவராணி வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். "ஸ்டேஷனுக்கு அடியில ரயிலு போக வழி செஞ்சான் வெள்ளக்காரன். பொகை போக ஒரு வழி வைக்க மட்டும் அவனுக்குத் தெரியலயாக்கும்."

பதுளையில் அவருக்கென்று ஒரு சுற்று இருக்கிறது. முச்சந்தியில் கப்பல் மூக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கும் துணிக்கடை. உச்சியில் கோபுரம் கட்டிய நகைக்கடை. அந்தக் கோபுரத்தில் புறாக்கள்தான் குடியிருக்கின்றன, அவற்றுக்கு எட்டு ஜன்னல். பிறகு, ஒரு டாக்டர் முட்டை வடிவில் கட்டிய வீடு. அதன் கேட்டில் நின்று, டாக்டருக்கு இப்படிக் கட்ட யார் பெர்மிசன் கொடுத்தது என்று வாட்ச்சரிடம் கேட்டார். வாட்ச்சர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

அன்று புதிதாக இன்னொன்றும் பார்த்தோம். லயம் போலவே கட்டிய ஹோட்டல். வரிசையாகப் பத்துக் காம்பரா, தகரக் கூரை, இஸ்தோப்பு, சுவரில் வேண்டுமென்றே தடவிய கரி. வரவேற்பிலிருந்த அஸ்னா என்ற இளம்பெண் மரியாதையாகக் கூட்டிப்போய் ஓர் அறையைத் திறந்து காட்டினார். ஜீவராணி கட்டிலைப் பார்க்கவில்லை, மெத்தையைப் பார்க்கவில்லை. நேரே பின்சுவருக்குப் போனார். பாதிச் சுவர் ஜன்னல்.

"லயத்துல பின்னுக்கு ஜன்னல் இருக்காதே மக."

"இல்லாட்டி கெஸ்ட்மாருக்கு மூச்சு முட்டும் தானே" என்றார் அஸ்னா.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு இந்த இஸ்தோப்பில் வந்து நின்றால் விருந்தாளிகள் படம் எடுப்பார்கள், முதலாளி ஆள் தேடுகிறார் என்றும் சொன்னார். கொழுந்து போடக் கூடை போய்ச் சாக்கு வந்து எத்தனை காலம் ஆயிற்று என்றுகூட அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

ஜீவராணி வெளியே வந்து, பஜாரில் கல் நெம்பும் அலவாங்கு ஒன்று வாங்கினார். பின்னேர பஸ்ஸில் கொண்டக்டர் அந்த இரும்பைப் பார்த்து முணுமுணுத்தார். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

லயத்துக்கு வரும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. இராசையாவுக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. வேலையை நிறுத்திவிடுவார்கள், காம்பராவையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்.

"நீங்க தண்ணிப் பீலிக்கரைப் பக்கம் போய் ஒக்காருங்க. தூசி ஒங்களுக்கு ஆகாது" என்றார் ஜீவராணி.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்பக்கம் போனார். ஏழெட்டுக் குத்தில் முதல் கல் ஆடிக் கழன்று விழுந்தது. ஓட்டை வழியாக அடுப்பங்கரை தெரிந்தது. அக்கம்பக்கத்துக் காம்பராக்காரர்கள் வந்து நின்றார்கள். அவர் கல்லைத் தூக்கி மண்ணைத் தட்டினார். காலையில் தோட்டத்தை நடத்தும் தொரையிடம் ஒப்படைக்க, அதைத் தன் கொழுந்துச் சாக்குக்குள் போட்டுக் கட்டினார்.