நான்காம் கட்டத்துத் துண்டு

சித்திரக்கதை எழுதுகிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்தே தீரும்: படம் போடுகிறவருக்கு ஒரு படக் கட்டத்துக்கு எவ்வளவு விவரம் எழுதிக் கொடுக்கலாம்? எனக்கு எரிச்சலாக வரும். அளவு சொல்ல இது என்ன குழம்புக்குப் போடுகிற உப்பா? எனக்கு அந்த அளவு இன்றுவரை பிடிபடவில்லை. அதில்தான் எங்கள் மூன்று மா நிலம் போயிற்று.

கழக ஆட்சி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. குடவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மிராசுதாரின் மூன்று மாவை அப்பா வாய்ப்பேச்சுக் குத்தகைக்குச் சாகுபடி செய்துகொண்டிருந்தார். குத்தகைக்காரரை வெளியேற்றக் கூடாது என்று சட்டம் இருந்தது. அப்பா பெயர்தான் எந்தப் பதிவிலும் இல்லை. நான் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்குத் தபாலில் சித்திரக்கதை எழுதி அனுப்புவேன். அங்கே படம் போடுகிற ஓவியர் எங்கள் பக்கத்தைப் பார்த்ததே இல்லை.

அறுவடைக் கதை ஒன்று. நான்காம் கட்டத்துக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: "நெற்களம். மிராசுதார் நாற்காலியில். எதிரே குத்தகைக்காரர் நிற்கிறார்." எங்கள் ஊரில் மிராசுதார் முன்னால் நம் துண்டு தோளில் இருக்கக் கூடாது, இடுப்புக்கு இறங்கிவிட வேண்டும். அதை நான் எழுதவில்லை. மறந்துவிட்டது என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். பொய். எழுத வெட்கமாக இருந்தது.

ஓவியர் என்ன செய்வார், பாவம். அவர் பார்த்த சென்னையில் கட்சிக்காரர்கள் எல்லோர் தோளிலும் துண்டு. எங்கள் குத்தகைக்காரருக்கும் தோளில் நீளத் துண்டு போட்டு, நெஞ்சை நிமிர்த்தி நிறுத்திவிட்டார்.

அப்பாவுக்கு எழுத்து தெரியாது. அந்தக் கட்டத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் போட்டிருக்காரு" என்று சொல்லி, அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

அதே பத்திரிகை மிராசுதார் வீட்டுக்கும் வரும். அறுவடை முடிந்ததும் ஆள் அனுப்பினார். அப்பா வழக்கம்போல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் நின்றார். நான் பின்னால் நின்றேன்.

"ஒன் மவன் படத்துல ஒனக்குத் தோள்ல துண்டு போட்டுட்டானாமே" என்றார் மிராசுதார். "அப்பறம் எதுக்கு இங்க வந்து குனிஞ்சு நிக்கிற? நெலத்த விட்டுடு."

"அது ஏதோ கதைங்க, ஆண்டே."

"கதையாவே இருக்கட்டும்."

அப்பாதான் இத்தனை வருடம் சாகுபடி செய்தார் என்று சாட்சி சொல்ல ஊரில் ஒருவரும் வரவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்று என் காதுபடவே பேசினார்கள். பேசட்டும், சரியாகத்தான் பேசினார்கள்.

அந்த ஆத்திரத்தில் அடுத்த கதையில் ஒன்று விடாமல் எழுதினேன். துண்டு இடுப்பில், முதுகு எவ்வளவு வளைவு, கை எங்கே, கண் எங்கே, ஒரே கட்டத்துக்கு அரைப் பக்கம். ஓவியர் ஒரு கோடு பிசகாமல் போட்டிருந்தார். இப்படித்தான் எழுத வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர் பாராட்டிக் கடிதம் போட்டார்.

அப்பா அப்போது அடுத்த ஊரில் கூலிக்கு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்தவரிடம், காலில் சேறு காயும் முன்னே, பத்திரிகையை நீட்டினேன். அந்தக் கட்டத்தை அவரே கண்டுபிடித்துவிட்டார். பார்த்தார். மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"நெலம் போனதுக்கு ஒன்ன ஒரு வார்த்த கேட்டனா?" என்றார். "இத ஏண்டா எழுதிக் குடுத்த?"