பின்சீட்டில் இருப்பவள் மிதிக்கிறாளா?

எனக்குத் தனியாக ஒரு சைக்கிள் வாங்கித் தரச் சொன்னேன். என் வீட்டுக்காரர் கொண்டுவந்து நிறுத்தியது இரண்டு பேர் சேர்ந்து ஓட்டுகிற சைக்கிள். வெளிநாட்டுக்காரர்கள் தங்குவதற்காக ஓட்டலாக மாற்றிய பங்களா ஒன்றில் பழைய சாமான்களைக் கழித்துக்கட்டியிருக்கிறார்கள். அதில் இதைப் பிடித்துவிட்டார். "சர்க்கரை எனக்கும் இருக்கு, ஒனக்கும் இருக்கு. ரெண்டு பேரும் ஒண்ணா மிதிப்போம்" என்றார். கேட்பதற்கு என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

முன்சீட்டு யாருக்கு என்ற பேச்சே எழவில்லை. நாட்டரசன்கோட்டையிலிருந்து சிவகங்கைப் பள்ளிக்கூடத்துக்கு வெயிலிலும் மழையிலும் சைக்கிள் மிதித்துப் போய் வந்தவள் நான். அவர் காரைக்குடிக்குள்ளேயே பஸ்ஸில் போய்ப் படித்தவர். ஆனாலும் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். பிரேக் அவரிடம், பெல் அவரிடம், வண்டியைத் திருப்புவதும் அவர். என் கைக்குக் கிடைத்தது அவர் சீட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் அசையாத கம்பி. கண்ணுக்குக் கிடைத்தது அவர் முதுகு. இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிற முதுகில் புதிதாக என்ன இருக்கிறது? பள்ளம் வந்தால் முன்கூட்டிச் சொல்லமாட்டார். வண்டி விழுந்து எழுந்து, என் இடுப்பெலும்பு சத்தம் போட்ட பிறகு, "பள்ளம்" என்பார்.

இந்த வண்டியில் ஒரு சங்கதி உண்டு. முன் பெடலும் பின் பெடலும் செயினால் பிணைந்தவை. முன்னால் இருப்பவர் மிதித்தால் பின்னால் இருப்பவர் காலும் தானாகச் சுற்றும். பின்னால் இருப்பவள் அழுத்தி மிதிக்கிறாளா, காலைச் சும்மா வைத்திருக்கிறாளா என்று பார்க்கிறவர் யாராலும் சொல்லமுடியாது. நான் அழுத்தித்தான் மிதித்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பிக் குன்றக்குடி வழியாக நாச்சியாபுரம் போய், டீ குடித்துவிட்டுத் திரும்பினால் எனக்குத் தொடை இரண்டும் கெஞ்சும். அவரோ ஒவ்வொரு ஏற்றத்திலும் தலையைத் திருப்பாமலே கேட்பார்: "மிதிக்கிறியா?"

"மிதிக்கிறேன்."

"தெரியலயே."

ஒரே ஒரு தடவை, "நீ மிதிச்சதாலதான் ஏறுச்சு" என்று அவர் வாயிலிருந்து வந்திருந்தால் போதும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஓட்டல்காரர்கள் போட்டிருந்த டயர் வெடிப்பு விட்டிருந்தது. புது டயருக்காகச் சைக்கிள் கடைக்குப் போனோம். அவர் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து ஒரு முடிவோடு வந்திருந்தார்: வழவழவென்று மெலிசான டயர்தான் வேண்டும், அதுதான் வேகமாக ஓடும். நம் ரோட்டோரமெல்லாம் சீமைக்கருவேலம். அந்த முள் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறும். "மெலிசு நம்ம பக்கத்துக்கு ஆகாதுங்க. தடிமனாப் போடுவோம். பின்னாடி வேற பாரம் சாஸ்தி" என்றேன். கடைக்காரர் நான் சொன்னதுதான் சரி என்றார், ஆனால் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு, "ரெண்டு பேருமே மிதிப்பீகளா சார்?" என்று கேட்டார்.

"எங்க! நான்தான் மிதிக்கிறேன். இவ உக்காந்து வருவா. லோடு ஏத்துற வண்டின்னு நெனச்சு டயரைப் போடுங்க."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். காற்றடிக்க வந்திருந்த ஒரு பெண்ணும் சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த ஆத்திரத்தில் தடித்த டயர் போட்டதைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு நான் மிதிக்கவில்லை. கால் பாட்டுக்குச் சுற்றியது. நான் கருவேலங்காட்டை வேடிக்கை பார்த்தேன். கண்மாய்க்கரை ஏற்றத்தில் அவருக்கு மூச்சு இரைத்தது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. "மிதிக்கிறியா?" என்றார். "மிதிக்கிறேன்" என்று முதல் தடவையாகப் பொய் சொன்னேன். "தெரியலயே" என்று சொல்ல அன்றைக்கு அவருக்கு மூச்சு இல்லை. இப்படி மூன்று ஞாயிறு. குளுகுளுவென்று இருந்தது, இதில் மறைக்க என்ன இருக்கிறது? முன்பு இவள் மிதித்திருக்கிறாள் போல என்று மனுஷனுக்கு உறைக்கும் என்று காத்திருந்தேன். மூன்றாவது வாரம் இறங்கிப் பின்டயரை ஓர் உதை விட்டார். "இந்த டயர் புடிச்சு இழுக்குது. ஒன் பேச்சைக் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

மெலிசு டயர் வரவழைத்து மாட்டினார். சும்மா காலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பது எனக்கும் அலுத்துப்போயிருந்தது. நான் செய்த தப்பு, அன்றைக்குப் பார்த்து மிதித்ததுதான். வண்டி பறந்தது. போகும் வழியெல்லாம் ஒரு முள்ளாவது ஏறித் தொலையாதா என்று பார்த்தேன். அன்றைக்கென்று ஒரு முள்ளுக்கும் என் மேல் இரக்கம் வரவில்லை. நாச்சியாபுரம் டீக்கடையில் அவர் வாய் ஓயவில்லை. "டயரை மாத்துனேன் பாருங்க, பின்னாடி ஆளு இருக்கதே தெரியல!"

திரும்பும்போது அந்த முதுகைப் பார்த்துச் சொன்னேன்: "மூணு வாரமா நான் மிதிக்கல. இன்னைக்கு மிதிச்சேன். டயர் ஒண்ணும் இல்ல."

சிரித்தார். "கதை விடாத. ஒனக்கு எதுலயும் பேரு வாங்கணும்."

ஒரு வீட்டில் இத்தனை வருஷம் இருந்து நான் வாங்கிய பேரை எண்ணிப் பார்த்தேன். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"வேணாம்னா போ. லோடு இல்லாம இன்னும் நல்லாப் போகும்" என்று அவர் மட்டும் கிளம்பினார்.

வெயில் ஏறியபிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். குன்றக்குடியைக்கூடத் தாண்டவில்லையாம். வாசல்படியில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். எழுந்து போய் முன்டயரை அமுக்கிப் பார்த்தார். பின்டயரையும் அமுக்கிப் பார்த்தார். "காத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆளில்லாத பின்சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் நிலைப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். இப்போதாவது சொல்லட்டும் என்று கையை நிறுத்திக் காத்திருந்தேன். அவ்வளவையும் மன்னித்துவிடவும் தயாராகத்தான் இருந்தேன்.

அவர் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார்: "அடுத்த வாரம் நீயும் வாயேன்."

"நான் எதுக்குங்க? அதான் நல்ல டயரா மாத்தி வச்சிருக்கீகள்ல, அதைக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.